ஹோண்டா மங்கி: சேசிஸ் இசட்50ஜே, என்ஜின் ஏபி27இ. இது எந்த வருட வண்டி?

குட்டிச்சக்கரம் (கேள்வி)

வணக்கம். ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்த ஹோண்டா மங்கி (50 சிசி குட்டி பைக்) ஒன்று வாங்கியிருக்கிறேன். 1978 மாடல், டியர்டிராப் (கண்ணீர்த்துளி) டேங்க் வந்த முதல் வருடம் என்று சொல்லி விற்றார்கள். விலையும் அந்தக் கணக்கில்தான். இப்போது அதன் வருடத்தில் சந்தேகம் வந்திருக்கிறது. வண்டியில் இருப்பது இது:

சேசிஸ் நம்பர் இசட்50ஜே என்று ஆரம்பிக்கிறது. என்ஜின் நம்பர் ஏபி27இ. நாலு கியர், இடது கையில் கிளட்ச் லீவர். கண்ணீர்த்துளி வடிவ டேங்க். 8 இஞ்ச் சக்கரம், இரண்டு துண்டாகச் சேர்ந்த இரும்பு ரிம். பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர். ஹேண்டில்பார் மடங்கவில்லை. பேட்டரியில் 6 வோல்ட் என்று போட்டிருக்கிறது.

வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, ஓட்டமும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஹெட்லைட் பல்பு நிற்பதில்லை, பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது. கேட்க வேண்டியது மூன்று: எந்த வருடம்? பாகம் ஆர்டர் செய்யும்போது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா? இது ஹோண்டா தானா, இல்லை சீன நகலா?

---

பாயின்ட் கேப்

முதலில் டேங்கை மறந்துவிடுங்கள். அந்தக் கண்ணீர்த்துளி டேங்க் 1978-இல் வந்தது, கார்புரேட்டர் மங்கி நின்ற 2007 வரை அதே உருவத்தில்தான் இருந்தது. சீட்டும் அப்படியே. கிட்டத்தட்ட முப்பது வருடம் மாறாத ஒன்றைக் காட்டி முதல் வருடம் என்று சொல்வதில் எந்த ஆதாரமும் இல்லை. பெயின்ட், ஸ்டிக்கர், குரோம் இவற்றையும் கணக்கில் எடுக்காதீர்கள். மங்கிக்கு மாற்று உடம்பு கிடைப்பதுபோல வேறு எந்தச் சின்ன வண்டிக்கும் கிடைக்காது.

வருடம் சொல்லும் பெரிய பிளவு 1992-இல் இருக்கிறது. அதுவரை 6 வோல்ட், பாயின்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனையால் ஸ்பார்க் வரும் பழைய முறை). சேசிஸில் இசட்50ஜே. 1992-இல் 12 வோல்ட், சிடிஐ (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்), தண்ணீர் ஊற்றாத பேட்டரி மூன்றும் சேர்ந்து வந்தன. சேசிஸ் முன்னெழுத்து சில வருடம் இசட்50ஜே-யாகவே தொடர்ந்து, பிறகுதான் ஏபி27 ஆனது. ஆகவே உங்கள் கையில் இருப்பது இரண்டு காலத்து வண்டி. பேட்டரி 6 வோல்ட் என்பதால் ஃப்ரேம் பெரும்பாலும் 1992-க்கு முந்தையது. என்ஜின் 1992-க்கு முந்தையதாக இருக்க முடியாது. 6 வோல்ட் வண்டியில் ஏபி27இ என்ற ஜோடி தொழிற்சாலையிலிருந்து வெளியே வரவில்லை.

இந்த மாற்றம் ஏன் இவ்வளவு சகஜம் என்றால், இந்தப் படுத்த சிலிண்டர் என்ஜின் ஃப்ரேமில் இரண்டே போல்ட்டில் தொங்குகிறது. இடைவெளி எல்லாத் தலைமுறையிலும் ஒன்றுதான். கார்புரேட்டர், செயின், கிளட்ச் கேபிள், நாலைந்து ஒயர் கழற்றினால் என்ஜின் கையோடு வந்துவிடும். அதனால்தான் மங்கியில் என்ஜின் நம்பரை வைத்து வண்டியின் வருடம் சொல்லக் கூடாது. அது என்ஜினின் வருடத்தை மட்டும் சொல்லும்.

ஃப்ரேமின் வருடத்தைச் சுருக்க இன்னொரு கேள்வி: இது பிறக்கும்போது ஆட்டோ கிளட்ச்சா, கை கிளட்ச்சா? மங்கி 1980-களின் நடுப்பகுதி வரை மூன்று கியர், ஆட்டோ கிளட்ச். அப்புறம்தான் நாலு கியரும் கிளட்ச் லீவரும் வந்தன, சக்தியும் 2.6 பிஎஸ்ஸிலிருந்து (குதிரைத்திறன்) 3.1 பிஎஸ் ஆனது. உண்மையான 1978 மங்கியின் இடது கையில் கிளட்ச் லீவர் இருக்காது. உங்கள் என்ஜின் மாறியது என்பதால் லீவரும் அதோடு வந்ததாக இருக்கலாம். எனவே 1978 என்பது பொய் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் உண்மை என்று காட்டவும் வண்டியில் எதுவும் மிஞ்சவில்லை, சேசிஸ் நம்பரின் கோடுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைத் தவிர.

அந்த எண்தான் உங்கள் பதில். ஹோண்டாவின் பாகப் பட்டியலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேசிஸ் எண் எங்கே ஆரம்பிக்கிறது என்று அச்சிட்டிருப்பார்கள். முழு எண்ணையும் அதோடு ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் பெயின்ட் தடிமனாக இருந்தால் ஒயர் பிரஷ், கிரைண்டர் எதுவும் வேண்டாம். பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுக் கரைத்து, மெல்லிய தாளை மேலே வைத்து பென்சிலைப் படுத்தித் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் தாளில் வரும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சாய்ந்தோ ஆழமாகவோ இருந்தால், அல்லது சுற்றியுள்ள இரும்பு தேய்த்துத் தட்டையாகியிருந்தால், வருடத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் காகிதங்களை முதலில் சரிபாருங்கள்.

---

ஆறுவோல்ட்

மேலே சொன்னது சரி. ஆனால் முன்னெழுத்தை மட்டும் நம்பாமல் மேக்னெட்டை (கிரான்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஏபி27இ கிரான்க் கேஸுக்குள் பழைய உறுப்புகளைப் போட்டு வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு.

கியர் லீவரைக் கழற்றி இடதுபக்கக் கவரின் ஸ்குரூக்களை எடுங்கள். அவை ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. சாதாரண ஸ்டார் ஸ்குரூ டிரைவர் பாதிவரைதான் உட்காரும், திருப்பினால் தலை வழுக்கிவிடும். ஜேஐஎஸ் முனை போட்ட இம்பாக்ட் டிரைவரால் ஒரு தட்டு தட்டித் திருப்புங்கள்.

உள்ளே மேக்னெட்டின் முகத்தைப் பாருங்கள். நீள்வட்ட ஜன்னல்கள் வெட்டியிருந்து, மெதுவாகச் சுற்றினால் அதன் வழியே பாயின்ட் திறந்து மூடுவது தெரிந்தால் அது 6 வோல்ட். அந்த ஜன்னல் வழியாகத்தான் ஃபீலர் கேஜை விட்டு பாயின்ட் இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ. வைப்பார்கள். ஜன்னல் இல்லாமல், மேக்னெட்டின் வெளிவிளிம்பில் ஒரு மேடும், அதற்கு எதிரே கிரான்க் கேஸில் ஸ்குரூ போட்ட சின்னப் பிக்கப் காயிலும் இருந்தால் 12 வோல்ட் சிடிஐ.

ஒயர் நிறமும் சொல்லும். என்ஜினிலிருந்து கருப்பு-சிவப்பு ஒன்றும் நீலம்-மஞ்சள் ஒன்றும் வந்தால் சிடிஐ. முதலாவது சிடிஐக்கு மின்சாரம் தரும் எக்சைட்டர், இரண்டாவது ஸ்பார்க் எப்போது என்று சொல்லும் பிக்கப். வெள்ளை சார்ஜிங், மஞ்சள் விளக்கு. பச்சை எப்போதும் எர்த், ஹோண்டாவில் அது மாறாது.

உங்கள் பல்பு பிரச்சினைக்குக் காரணம் இங்கேதான் இருக்கும். இந்த சிடிஐ பேட்டரியை நம்பி ஓடுவதில்லை, எக்சைட்டர் காயிலே அதற்குப் போதும். அதனால் 12 வோல்ட் என்ஜினை 6 வோல்ட் ஒயரிங்கில் வைத்தாலும் வண்டி அருமையாக ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. விளக்குச் சுற்று மட்டும் அடி வாங்கும். பழைய 6 வோல்ட் அமைப்பில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தத் தனியாக ரெகுலேட்டர் கிடையாது. பல்புகள் இழுக்கும் சுமையே வோல்டேஜைப் பிடித்து வைக்கும். அந்தச் சுற்றில் 12 வோல்ட் காயிலை இணைத்தால் ஹெட்லைட் வெடிக்கும், அது போனதும் மிச்ச வோல்டேஜ் டெயில் லைட்டைத் தின்னும்.

என்ஜினை நடு ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 6 வோல்ட் பேட்டரியில் மூன்று செல்தான். சார்ஜ் ஆகும்போது 7.5 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 8-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பேட்டரி கொதிக்கிறது, தண்ணீர் வற்றுவது அதனால்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், இருக்கிற பல்பும் போய்விடும்.

---

டப்பாபாகம்

நகலா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. ஜப்பான் உள்நாட்டு மங்கியின் சேசிஸ் எண்ணில் 17 இலக்கம் இருக்காது. மாடல் பெயர், கோடு, எண், அவ்வளவுதான். 17 இலக்கம் இருந்து முதல் எழுத்து எல் என்றால் அது சீனாவில் செய்த வண்டி. என்ஜினில் 139எஃப்எம்பி அல்லது 152எஃப்எம்எச் மாதிரி ஒரு குறி இருந்தாலும் அப்படித்தான். அதில் 1 என்பது ஒரு சிலிண்டர், 39 அல்லது 52 என்பது போரின் (சிலிண்டர் துளை) மி.மீ. அளவு. உங்கள் இரண்டு எண்ணும் ஹோண்டாவின் முறையில் இருக்கின்றன. எண் அடித்த விதம் நேர்மையானது என்றால் வண்டி ஹோண்டாதான். இரண்டு துண்டு இரும்பு ரிம்மும் அதற்குப் பொருந்துகிறது.

அந்த ரிம்மைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு பாதியையும் சேர்க்கும் நட்டுகள் வேறு, ஹப்பில் பிடிக்கும் நட்டுகள் வேறு. டயர் மாற்றும்போது வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்ட பிறகுதான் பாதிகளைச் சேர்க்கும் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். காற்று இருக்கும்போது கடைசி நட்டு கழன்றால் ரிம்மின் பாதி முகத்துக்கு நேராகப் பறக்கும். திரும்பச் சேர்க்கும்போது டியூப் இரண்டு பாதிக்கும் நடுவில் மாட்டிக் கிழிவது சகஜம். கொஞ்சம் காற்று வைத்து டியூப் உருண்டையாக நின்ற பிறகு மூடுங்கள்.

ஹேண்டில்பார் விஷயத்தை யாரும் தொடவில்லை. மங்கியின் ஹேண்டில்பார் இரண்டு குமிழைத் தளர்த்தினால் மடங்கும். கார் டிக்கியில் வைப்பதற்காகவே அந்த வசதி. மடங்காத ஹேண்டில்பார் கொரில்லாவுடையது, அது மங்கியின் உடன்பிறப்பு மாடல். 1978-இல் வந்த கொரில்லாவுக்கும் சேசிஸ் முன்னெழுத்து இசட்50ஜே தான். ஆனால் அதற்கு 9 லிட்டர் டேங்க், மங்கிக்கு 5 லிட்டர். முக்கியமாக, கொரில்லா முதல் நாளிலிருந்தே நாலு கியர், கை கிளட்ச். எனவே உங்கள் வண்டி மங்கி டேங்க் போட்ட கொரில்லாவாகவும் இருக்கலாம். பட்டியலில் எண்ணைத் தேடும்போது மங்கியின் பக்கத்தோடு நிறுத்தாமல் கொரில்லாவின் பக்கத்தையும் பாருங்கள். இல்லாவிட்டால் எண் எங்கேயும் பொருந்தவில்லை என்று சேசிஸையே சந்தேகப்பட நேரும்.

---

நாலுலிட்டர்

கொரில்லா பற்றிச் சொன்னது நல்ல கோணம். நான் சேர்க்க விரும்புவது பாக எண்களைப் பற்றி. ஹோண்டா பாக எண் ஐந்து, மூன்று, மூன்று என்று பிரிந்திருக்கும். நடுவில் உள்ள மூன்று இலக்கம் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வரையப்பட்டது என்பதைச் சொல்லும். 045 என்றால் இசட்50ஏ. இதைப் பார்த்துவிட்டு, 045 போட்ட பாகம் இருக்கிறது, ஆகவே வண்டி 1960-களுடையது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. நன்றாக வேலை செய்யும் பாகத்தை ஹோண்டா அதே எண்ணில் பல வருடம் தொடரும். புதிய மாடலின் குறியீடு பழைய வண்டியில் இருந்தால் அது மாற்றிய பாகம் என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய குறியீடு புதிய வண்டியில் இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது.

ஃப்ரேமைப் பார்த்தே பெரிய பிரிவுகளைச் சொல்ல முடியும், நாடு எது என்று தெரிந்தால். ஜப்பானில் 1967-இன் இசட்50எம் 5 இஞ்ச் சக்கரம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் கிடையாது. இசட்50ஏ 8 இஞ்ச், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். 1970-இன் இசட்50இசட் முன் ஃபோர்க்கைத் தனியாகக் கழற்றி எடுக்கலாம். பின் ஷாக் அப்சார்பர் வந்தது 1974-இன் இசட்50ஜே-யில், 4 லிட்டர் டேங்கோடு. எனவே 6 வோல்ட் ஒயரிங் பிறவியிலேயே உள்ளது என்றால் உங்கள் ஃப்ரேமின் எல்லை 1974 முதல் 1991 வரை. எண் கிடைக்கும்வரை அதற்குள் எதையும் பிடிவாதமாகச் சொல்ல வேண்டாம்.

இணையத்தில் படிக்கும்போது அமெரிக்க வண்டிகளின் கணக்கை இதோடு கலக்காதீர்கள். அங்கே இசட்50ஏ மினி டிரெயில் என்ற பெயரில் கே0, கே1 என்று எண்ணிக்கொண்டு போனது. கே0-வில் ஹெட்லைட் கிடையாது, கே1-இல் வந்தது. பின் ஷாக் அப்சார்பர் 1972-இன் கே3-யிலேயே வந்துவிட்டது, ஜப்பானுக்கு இரண்டு வருடம் முன்பாக. 1979-இலிருந்து இசட்50ஆர், அது ரோட்டுக்கான வண்டி இல்லை. 1981 முதல் அங்கே 17 இலக்க எண், அதன் பத்தாவது எழுத்து வருடம்: பி என்றால் 1981, சி 1982, ஜி 1986 என்று போகும். அந்த வசதி உங்கள் வண்டிக்குக் கிடையாது.

---

குட்டிச்சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டேன். மேக்னெட்டில் ஜன்னல் இல்லை, வெளியே பிக்கப் காயில் இருக்கிறது. கருப்பு-சிவப்பும் நீலம்-மஞ்சளும் நேராக ஒரு சிடிஐ பெட்டிக்குப் போகின்றன. பெட்டி டேங்குக்கு அடியில் கேபிள் டையில் தொங்குகிறது. ஓடும்போது பேட்டரியில் 8.9 வோல்ட் காட்டியது, உடனே நிறுத்திவிட்டேன். பல்பு, ஹார்ன், ஃபிளாஷர் எல்லாவற்றிலும் 6 வோல்ட் என்றுதான் இருக்கிறது. சேசிஸ் எண்ணைத் தாளில் எடுத்தேன், எழுத்துகள் ஒரே சீராக இருக்கின்றன. இனி என்ன செய்யலாம்? முழுவதும் 12 வோல்ட்டா, இல்லை 6 வோல்ட் என்ஜின் தேடுவதா?

---

ஆறுவோல்ட்

கேபிள் டையில் தொங்கும் சிடிஐ, 6 வோல்ட் ஹார்ன். இனி சந்தேகமே வேண்டாம். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் என்ஜினை வைத்து, ஸ்பார்க் வந்ததும் வேலை முடிந்ததென்று விட்டிருக்கிறார்கள்.

ஓட்டுவதற்கான வண்டி என்றால் 12 வோல்ட். பாதி பாதியாக மாற்றாதீர்கள். ஏபி27 கார்புரேட்டர் மாடலின் ஒயரிங் கிட், அதன் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், 12 வோல்ட் ஃபிளாஷர், ஹார்ன், பேட்டரி, ஹெட்லைட் பல்பு, டெயில்-பிரேக் பல்பு, இண்டிகேட்டர் பல்பு நாலு, மீட்டர் பல்பு, நியூட்ரல் பல்பு. எல்லாம் கையில் வந்த பிறகு ஒரே மூச்சில் மாற்றுங்கள். ஆர்டரில் கார்புரேட்டர் மாடல் என்று தெளிவாக எழுத வேண்டும். 2009-இல் வந்த ஃபியூயல் இன்ஜெக்ஷன் மங்கிக்கும் முன்னெழுத்து ஏபி27 தான், 2017-இல் நிற்கும்வரை. அதன் ஒயரிங் உங்களுக்கு ஆகாது. சாவி ஸ்விட்சின் கனெக்டர், பேட்டரிப் பெட்டியின் அளவு இரண்டையும் வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள்.

இக்னிஷன் காயிலையும் பாருங்கள். பாயின்ட் காலத்துக் காயிலையே சிடிஐயோடு சேர்த்திருந்தால் மாற்றிவிடுங்கள், இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. மாற்றி முடித்ததும் அதே மல்டிமீட்டர் சோதனை: 14 முதல் 15 வோல்ட்டுக்குள் நின்றால் சரி. ஏறிக்கொண்டே போனால் முதலில் ரெகுலேட்டரின் பச்சை ஒயருக்கு எர்த் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த ஃப்ரேமில் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

---

பாயின்ட் கேப்

எண் சீராக இருக்கிறது என்பதால் அடுத்த வேலை பட்டியலோடு ஒப்பிடுவதுதான். அது முடியும்வரை பழைய ஒயரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். எண் உண்மையிலேயே 1978 பக்கம் வந்தால், கழற்றிய ஒயரிங், 6 வோல்ட் ஹார்ன், ஃபிளாஷர் எல்லாம் பழைய நிலைக்கு மீட்கிறவருக்குத் தேவைப்படும். அவை தேடினாலும் நல்ல நிலையில் கிடைப்பதில்லை. துணியில் சுற்றி, சேசிஸ் எண்ணை எழுதி, பெட்டியில் வையுங்கள்.

6 வோல்ட் என்ஜின் தேடுவதானால் முழு என்ஜினாகத் தேடுங்கள். 6 வோல்ட் மேக்னெட்டை மட்டும் வாங்கி இந்தக் கிரான்க்கில் ஏற்றலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். கூம்பு சரியாக உட்காராத மேக்னெட் ஓடும்போது அதைக் கிரான்க்கோடு பிடிக்கும் சின்ன இரும்புச் சாவியை அறுத்துக்கொண்டு சுற்றும், கிரான்க்கும் கெட்டுவிடும். இருப்பதைக் கழற்றவும் அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் உடையும்.

இன்னொன்று, இப்போது இருக்கும் என்ஜின் 49 சிசி தானா என்று பாருங்கள். ஹோண்டாவின் அளவு போர் 39 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 41.4 மி.மீ. ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்து 52 மி.மீ. பிஸ்டன் போட்டால் 88 சிசி. அந்தக் கிட் போட்ட மங்கிகள் ஏராளம். 47 மி.மீ. போட்டால் 72 சிசி, அது ஹோண்டாவின் 70 சிசி வண்டிகளின் அளவே. வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. ஹெட்டைக் கழற்றி வெர்னியர் வைத்தால்தான் தெரியும், கேஸ்கெட், பிஸ்டன் ரிங் ஆர்டர் செய்யுமுன் அதைச் செய்துவிடுங்கள். காகிதத்தில் 49 சிசி என்று இருந்து உள்ளே 88 இருந்தால் பதிவு, இன்சூரன்ஸ் இரண்டிலும் சிக்கல் வரும்.

விலை பேசியவரிடம் திரும்பப் போவதானால் பென்சில் தாளையும் என்ஜின் நம்பரின் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஃப்ரேம் எந்த வருடமாக இருந்தாலும் இது என்ஜின் மாறிய வண்டி. அந்த ஒன்றுக்கு மட்டும் பட்டியல்கூடத் தேவையில்லை, 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ஏபி27இ என்ஜின் இருப்பதே போதும்.